மின்வலுத் தொழிலும் பயிலுநர் நெறியும்

கல்வியின் பயன் யாது என்னும் வினாவுக்கு அறிவு, ஒழுக்கம், தொழில் என்னும் மூன்றனையும் விடையாகக் கூறுவர் பெரியோர். முதலிரண்டையும் பற்றி நம் பாடசாலைகளில் நாள்தோறும் பேசுகின்றோம். மூன்றாவதைப் பற்றிய பேச்சோ பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் வேளையிலேதான் எழுகின்றது; அப்பொழுதும் அது "பல்கலைக்கழகமா, வெளிநாடா" என்னும் அளவில் நின்றுவிடுகின்றது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலிய கரையோர ஊர்களை அறிந்தோர்க்கு இது புதிய செய்தியன்று. பல்கலைக்கழக வாயில் ஒருசிலர்க்கே திறக்கின்றது. எஞ்சியோரிற் பலர் மத்திய கிழக்கு நாடுகளை நாடிச் செல்கின்றனர். சென்ற இடத்திற் கையிலே தொழிலிருந்தும், அதனை மெய்ப்பிக்கும் பத்திரம் இல்லாமையால் உதவியாளர்க்குரிய ஊதியத்தையே பெறுவோர் பலர். இவ்விரு வழிகளுக்கும் இடையே மூன்றாவது வழியொன்று உண்டு. பயிலுநராகச் சேர்ந்து, தொழில் கற்று, அத்தொழிலிலேயே படிப்படியாக உயர்தல் அவ்வழியாகும். மின்வலுத் துறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அதன் இயல்பையும் பயனையும் இடர்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பயிலுநர் என்போர் யாவர்?

தொழிலைத் தொழில் செய்வோனிடமே கற்றல் நமக்குப் புதியதன்று. மருதமுனைக் கைத்தறியில் நெசவு கற்றவர் நூலைப் படித்துக் கற்றவரல்லர். நூலை இழைத்துக் கற்றவர். ஓடாவியிடமும் மேசனிடமும் கையாளாகச் சேர்ந்து, சில ஆண்டுகளில் தாமே தொழிலாளராய் வெளிவந்தோர் ஒவ்வோர் ஊரிலும் உளர். வீடுகளுக்கு வயரிங் வேலை செய்யும் பாசிடம் பையனொருவன் சேர்வதும் இம்முறையே. இதன் சிறப்பை நாம் குறைத்து மதித்தலாகாது. கருவியைப் பிடிக்கும் விதமும், பொருளை வீணாக்காத சிக்கனமும், வேலையை முடித்துக் கொடுக்கும் நேர்மையும் இவ்வாறே கைமாறி வந்துள்ளன.

எனினும் கையாள் வேறு, பயிலுநர் வேறு. இவ்வேறுபாட்டைத் தெளிந்துகொள்ளுதல் இன்றியமையாதது. கையாள் எதைக் கற்கின்றான் என்பது அன்றன்று வரும் வேலையைப் பொறுத்தது. பயிலுநர் கற்க வேண்டியவை முன்னரே வகுக்கப்பட்டுள்ளன. கையாளுக்கும் பாசுக்கும் இடையிலுள்ளது வாய்ச்சொல். பயிலுநருக்கும் தொழில் வழங்குநருக்கும் இடையிலுள்ளது எழுத்திலமைந்த ஒப்பந்தம். கையாள் "எப்படி" என்பதை அறிவான். பயிலுநர் "ஏன்" என்பதையும் அறிதல் வேண்டும். ஈற்றில், கையாளின் திறமைக்குச் சாட்சி அவனை அறிந்த ஊரவரே. பயிலுநரின் திறமைக்கோ நாடு முழுதும் ஏற்கும் சான்றிதழ் சாட்சியாகின்றது. ஆகவே செய்கை, கோட்பாடு, சான்று ஆகிய மூன்றும் ஒருங்கே அமைவதுதான் பயிலுநர் நெறி எனலாம். நம் ஊர்களில் முதலாவது உண்டு. ஏனைய இரண்டும் குறைவு.

கையும் நூலும்

மேனாட்டு வரலாறும் இதனை வலியுறுத்துகின்றது. இங்கிலாந்தில் 1563 இல் இயற்றப்பட்ட கைவினைஞர் சட்டம், பயிலுநர் காலம் ஏழாண்டுக்குக் குறைதல் கூடாது என விதித்தது. அவ்வழக்கம் நிலவிய நாளிலே, 1805 இல், வறிய கொல்லர் ஒருவரின் மகனான மைக்கேல் பரடே பதினான்காம் வயதில் இலண்டனிற் புத்தகங் கட்டுவோர் ஒருவரிடம் பயிலுநராகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களைப் படிக்கவுந் தொடங்கினார். 1813 இல் றோயல் நிறுவனத்திலே சேர் ஹம்ப்ரி டேவியின் உதவியாளரானார். 1831 இல் அவர் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் என்னும் உண்மையே இன்று அணையடியிலும் அனல் நிலையத்திலும் சுழலும் மின்பிறப்பாக்கிகள் அனைத்துக்கும் அடிப்படையாகும்.

பரடே கையிலிருந்து நூலுக்குச் சென்றவர். நூலிலிருந்து கைக்கு வந்தவரும் உளர். சாள்ஸ் பார்சன்ஸ் பிரபு குலத்தவர். கேம்பிரிட்ஜிற் கணிதம் கற்றுத் தேறியவர். அவர் 1877 இல் நியூகாசில் நகரிலிருந்த ஆம்ஸ்ட்ரோங் தொழிற்சாலையிற் பயிலுநராகச் சேர்ந்தார். பட்டம் பெற்ற ஒருவர் எண்ணெய் படிந்த ஆடையோடு தொழிலாளரிடையே நின்று கற்றல் அக்காலத்தில் அரிது. ஆயினும் 1884 இல் அவர் ஆக்கிய நீராவிச் சுழலி மின்னுற்பத்தியின் போக்கையே மாற்றியது. கை நூலைத் தேடுதலும் நூல் கையைத் தேடுதலும் ஒருசேர நிகழும் இடத்திலேதான் தொழில் வளர்கின்றது என்பது இவ்விருவர் வாழ்வாலும் பெறப்படும்.

மின் நம் வீட்டை அடையும் வழி

நம் நாட்டின் மின்வரலாற்றை ஒரு சிறிது நோக்குவோம். கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்று பொதுவேலைத் திணைக்களத்திற் கடமையாற்றிய பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா, இலங்கையின் நீர்வீழ்ச்சிகளைக் கொண்டு மின்னாக்கலாம் என்பதை 1918 இல் ஓர் ஆய்வுரையால் எடுத்துக்காட்டினார். அவர் கண்ட கனவு 1950 இல் லக்சபான மின்நிலையமாக நனவாயிற்று. அக்காலத்திலேயே நம் மாவட்டத்தில் கல்லோயாத் திட்டம் உருவாயிற்று. 1949 இல் அமைக்கப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபையின் கீழ் இங்கினியாகலையில் அணை எழுந்தது. சேனநாயக்க சமுத்திரம் தோன்றியது. வயலுக்கு விடப்படும் நீரே வழியில் நான்கு மின்பிறப்பாக்கிகளைச் சுழற்றி ஏறத்தாழ 11 மெகாவாற்று மின்னைத் தரும் ஏற்பாடும் அங்கு அமைந்தது. பின்னர் மகாவலித் திட்டத்தில் 210 மெகாவாற்று விக்ரோறியா நிலையமும், நுரைச்சோலையில் 900 மெகாவாற்று நிலக்கரி நிலையமும், மன்னாரில் 30 காற்றாடிகளைக் கொண்ட 103.5 மெகாவாற்று நிலையமும் எழுந்தன.

இவற்றிற் பிறக்கும் மின் 220 அல்லது 132 கிலோவோல்ற்று அழுத்தத்தில் உயர்ந்த கோபுரங்களின் வழியே ஓடுகின்றது. அம்பாறை உபமின்நிலையம் போன்ற இடங்களில் 33 கிலோவோல்ற்றாகக் குறைந்து வீதியோரக் கம்பிகளிற் செல்கின்றது. கடைசியாகத் தெருமுனையிலுள்ள மின்மாற்றியில் 400 வோல்ற்றாகவும், ஒற்றைக் கம்பிவழி வீட்டுக்குள் வரும்பொழுது 230 வோல்ற்றாகவும் அமைகின்றது. இவ்வழியின் ஒவ்வொரு படியிலும் மனிதர் நிற்கின்றனர். மின்நிலைய இயக்குநர், பொருத்துநர், உருக்கி ஒட்டுநர், மின்வழித் தொழிலாளர், நிலக்கீழ் வடம் இணைப்போர், மானி பார்ப்போர், மின்னியலாளர், சூரியப் படல் பொருத்துவோர் என அவர்களை வகுக்கலாம். இத்தொழில்களிற் பெரும்பாலானவற்றுக்குப் பட்டம் வேண்டுவதில்லை. முறையான பயிற்சி வேண்டும்.

இத்துறையின் தேவை குறையப் போவதுமில்லை. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின் தடைப்பட்டதை எவரும் மறந்திரார். 2030 ஆம் ஆண்டளவில் மின்னின் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுதல் அரசின் கொள்கை இலக்காகும். 2016 இல் அரசு தொடங்கிய கூரைமேற் சூரிய மின் திட்டத்தின் பின்னர் நம் ஊர்க் கூரைகளிலும் சூரியப் படல்கள் காணப்படுகின்றன. பொருத்துதற்கு ஒருமுறையும் பேணுதற்குப் பலமுறையும் அவை தேர்ந்த கைகளை வேண்டுவன.

இத்தொழிலை ஏன் முறையாகக் கற்றல் வேண்டும்?

தச்சன் பிழை செய்தால் மரம் வீணாகும். மின்தொழிலாளன் பிழை செய்தால் உயிர் வீணாகும். மின்னுக்கு நிறமில்லை, மணமில்லை, ஓசையுமில்லை. உயிருள்ள கம்பியும் உயிரற்ற கம்பியும் கண்ணுக்கு ஒன்றே. ஆதலின் ஐந்து செயல்களை ஒழுங்கு மாறாது செய்த பின்னரே மின்கம்பியைத் தொடலாம் என்பது உலகெங்கும் வழங்கும் விதியாகும். முதலாவது, மின்னைத் துண்டித்தல். இரண்டாவது, வேறெவரும் மீண்டும் இணைத்துவிடாதபடி பூட்டி அறிவிப்பு இடுதல். மூன்றாவது, மின் இல்லை என்பதைச் சோதித்து அறிதல். நான்காவது, கம்பிகளை ஒன்றோடொன்று இணைத்துப் புவித்தொடுப்புச் செய்தல். ஐந்தாவது, அண்மையிலுள்ள மின்னோடும் பகுதிகளை மறைத்தல்.

இவற்றுள் நான்காவதை வீண்வேலை என எண்ணுவோர் உண்டு. துண்டித்துச் சோதித்த பின் புவித்தொடுப்பு எதற்கு என அவர் வினவுவர். விடை எளிது. மின் தடைப்பட்ட வேளையிற் கடைக்காரர் ஒருவர் தம் மின்பிறப்பாக்கியை முறையற்ற விதத்தில் இணைத்து இயக்கினால், அம்மின் வீதிக் கம்பிக்குத் திரும்பிச் செல்லக்கூடும். தெருமுனை மின்மாற்றி எதிர்ப்புறமாக இயங்கி, 230 வோல்ற்றை மீண்டும் பல்லாயிரம் வோல்ற்றாக உயர்த்திவிடும். கம்பத்தில் நிற்பவரைக் காப்பது அந்தப் புவித்தொடுப்பே. இக்காரணத்தை நூல் விளக்கும். அவசரத்திலும் மழையிலும் அதனைத் தவறாது செய்யும் பழக்கத்தை, அருகில் நின்று கண்டிக்கும் மூத்த தொழிலாளரே தருவார்.

சூரியப் படல்களிலும் இவ்வாறே புதிய நுட்பமொன்று உண்டு. வீட்டு மின் ஆடலோட்டம். அது செக்கனுக்கு 100 முறை பூச்சியத்தை அடைவதால், இடைவெளியில் எழும் மின்பொறி பெரும்பாலும் தானே அணைந்துவிடும். படல்கள் தருவதோ நேரோட்டம். அது பூச்சியத்தை அடைவதில்லை. ஆகவே தளர்ந்த இணைப்பொன்றில் எழும் மின்வில் அணையாது நின்று கூரையையே எரிக்கக்கூடும். தொடராக இணைத்த படல்களின் அழுத்தம் பல நூறு வோல்ற்றாதலும், வெயில் உள்ளவரை அதனை நிறுத்த இயலாமையும் ஆபத்தைப் பெருக்குவன. வீட்டு வயரிங்கில் இருபதாண்டுத் தேர்ச்சியுடைய பாசுக்கும் இது புதுப் பாடமே.

நம் கரையோரத்துக்கே உரிய இடர் வேறொன்று. கடற்காற்றுச் சுமந்துவரும் உப்பு காவலிகளின் மேற் படிகின்றது. உலர்ந்திருக்கும்வரை அது தீங்கு செய்வதில்லை. பனியோ தூறலோ அதனை நனைத்தவுடன் உப்புப்படலம் மின்கடத்தியாகிக் காவலியின் மேலே மின் கசிகின்றது. சில வேளைகளிற் பெரும்பொறி பாய்ந்து மின் தடைப்படுகின்றது. இணைப்புத் துண்டுகளும் ஆணிகளும் கடலோரத்தில் விரைவில் அரிக்கப்படுகின்றன. மலைநாட்டிற் பயின்றவருக்கு இது கேள்வியறிவு. கடலோரத்திற் பிறந்தவருக்குக் கண்ணறிவு. நம் பிள்ளைகள் இத்தொழிலுக்கு வருதல் நாட்டுக்கும் நலம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டமும் சான்றிதழும்

இலங்கையிற் பயிலுநர் முறைக்குச் சட்ட அடிப்படை அமைத்தது 1971 ஆம் ஆண்டின் 49 ஆம் இலக்கத் தேசிய பயிலுநர் சட்டமாகும். அதன்கீழ் எழுந்த சபை, 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையாக மாற்றியமைக்கப்பட்டது. இளைஞரைத் தொழில் நிறுவனங்களோடு இணைத்து, பயிற்சியை மேற்பார்த்து, ஈற்றிற் சோதித்துச் சான்று வழங்க உதவுதல் இதன் பணி.

திறமையை அளக்கும் கோல் தேசிய தொழிற்றகைமை எனப்படும். அது ஏழு மட்டங்களை உடையது. முதல் நான்கும் கைவினைச் சான்றிதழ்கள். ஐந்தாவதும் ஆறாவதும் டிப்ளோமாக்கள். ஏழாவது பட்டத்துக்கு நிகரானது. ஆகவே மின்னியலாளராகத் தொடங்கிய ஒருவர் நான்காம் மட்டத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை. டிப்ளோமா பெற்று, 2008 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி இரத்மலானையில் இயங்கும் தொழில்சார் தொழில்நுட்பவியற் பல்கலைக்கழகம் வரை செல்லலாம். "தொழிலுக்குப் போனாற் படிப்பு முடிந்தது" என்னும் நம்மவர் எண்ணம் பொருந்தாது என்பதற்கு இவ்வேணியே சான்று.

ஏற்கெனவே பாசிடம் தொழில் கற்றவர்க்கும் வழியுண்டு. முன்னனுபவத்தை மதிப்பிட்டுத் தகைமை வழங்கும் ஏற்பாட்டின்படி, வகுப்பிலிருந்து தொடங்காமலே தம் திறமையைச் செய்துகாட்டிச் சான்றிதழ் பெறலாம். பத்தாண்டு வயரிங் செய்தும் பத்திரமில்லாதிருக்கும் நம் ஊரார் பலர்க்கு இது பெரும் பேறு. வெளிநாடு செல்லுமுன் இதனைப் பெற்றுச் செல்வோர் தம் தொழிலின் பெயராலேயே வேலை கேட்கலாம்.

மின்வழங்கல் அமைப்பிலும் மாற்றங்கள் நிகழ்கின்றன. 1969 இல் நிறுவப்பட்ட இலங்கை மின்சார சபையின் பணிகளைப் பல கம்பனிகளாகப் பிரித்தற்கு 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. நிறுவனத்தின் பெயர் எதுவாயினும் கம்பத்தில் ஏறுபவரின் தொழில் மாறுவதில்லை. சான்றிதழ் ஒரு நிறுவனத்தை மட்டும் சார்ந்ததாயின் நிறுவனம் மாறும்பொழுது மதிப்பிழக்கும். தேசியத் தகைமையாயின் உடையவரோடு எங்குஞ் செல்லும்.

சேருமுன் அறிய வேண்டுவன

க.பொ.த. சாதாரண தரம் எழுதிய மாணவன் ஒருவன் இவ்வழியை நாடினால் முதலிற் செய்யவேண்டியது தொழிலைத் தெரிதல். "மின்வேலை" என்பது ஒரு தொழிலன்று. பல தொழில்களின் தொகுதி. உயரத்துக்கு அஞ்சுபவர் மின்வழித் தொழிலை விடுத்துப் பட்டறை வேலையை நாடலாம். நிறங்களைப் பிரித்தறிய இயலாதார் கம்பியின் நிறங்கொண்டு செய்யும் வேலையைத் தவிர்த்தல் நன்று. கணிதமும் விஞ்ஞானமும் இத்துறையின் இரு கண்கள். ஓமின் விதியை மனனஞ் செய்தல் போதாது. ஒரு வீட்டின் வடத்துக்கு எத்தனை அம்பியர் தாங்கும் வலிமை வேண்டும் எனக் கணிக்கவும் தெரிதல் வேண்டும்.

அடுத்து, ஒப்பந்தத்திற் கையொப்பமிடுமுன் சில வினாக்களைக் கேட்டல் வேண்டும். பயிற்சிக் காலம் எத்துணை? அது தேசியத் தகைமையின் எந்த மட்டத்தில் முடியும்? கற்பிக்கப் பொறுப்பானவர் யார்? கோட்பாட்டு வகுப்பு உண்டா? காப்புறுதியும் பாதுகாப்புக் கருவிகளும் வழங்கப்படுமா? நாட்குறிப்பேட்டில் ஒவ்வொரு வாரமும் செய்த வேலையை எழுதிப் பொறுப்பாளரின் ஒப்பம் பெறப்படுமா? இவ்வினாக்களுக்கு விடையில்லாத இடத்திற் கிடைப்பது பயிற்சியன்று. குறைந்த கூலிக்கு உழைப்பு மாத்திரமே.

நம் மாவட்டத்தவர் தொலைவு செல்லாமலே தொடங்கவும் இடங்கள் உள. சம்மாந்துறையிற் தொழில்நுட்பக் கல்லூரி உண்டு. கல்லோயாத் திட்டச் சூழலில் அம்பாறையிற் தோன்றிய ஹார்டி நிறுவனம் இன்று உயர் தொழில்நுட்பவியல் நிறுவனமாக இயங்குகின்றது. ஒலுவிலில் அமைந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலே பொறியியற் பீடமும் உண்டு.

இடர்களும் தடைகளும்

இவ்வழி மலர் தூவிய பாதை என்று கூறுதல் உண்மையன்று. பயிற்சிக் காலத்திற் கிடைக்கும் உதவிப்பணம் சிறிது. ஏழைக் குடும்பத்துக்கு அது போதாது. பயிற்சி முடிவில் அதே நிறுவனத்தில் நிரந்தர வேலை கிடைக்கும் என்ற உறுதியுமில்லை. பயிலுநரைத் தேநீர் வாங்கவும் பொருள் சுமக்கவும் மாத்திரம் பயன்படுத்தும் இடங்களும் இல்லாமலில்லை. ஒப்பந்தமும் நாட்குறிப்பேடும் மேற்பார்வையும் வேண்டுவது இதனாலேயே.

மொழி மற்றொரு தடை. இங்கினியாகலையிலோ மலைநாட்டிலோ வேலைக் குழுவின் பேச்சுமொழி பெரும்பாலும் சிங்களமாகவே இருக்கும். கீழே நிற்பவர் "தொடாதே" எனக் கூவுவதை மேலே நிற்பவர் அக்கணமே விளங்கிக்கொள்ளல் வேண்டும். ஈண்டு மொழியறிவு நாகரிகத்துக்கன்று, உயிர் காத்தற்கு வேண்டப்படுகின்றது. ஆதலின் இத்துறையை நாடும் மாணவர் பாடசாலைக் காலத்திலேயே பேச்சுச் சிங்களம் கற்றல் நன்று. அதுபோலவே, பாதுகாப்பு விதிகளும் பாடநூல்களும் நல்ல தமிழிற் கிடைக்கச் செய்தல் பொறுப்புடையோர் கடன்.

எல்லாவற்றிலும் பெரிய தடை நம் மனத்திலே உள்ளது. மேசைமுன் அமர்வோரை மதித்துக் கையால் உழைப்போரைத் தாழ்வாக நோக்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியுள்ளது. திருமணப் பேச்சிலும் இது தலைகாட்டுகின்றது. இவ்வழக்கத்துக்கு நம் சமயங்களிலே ஆதாரமில்லை. தாவூத் நபி அவர்கள் அரசராயிருந்தும் தம் கையுழைப்பாலே உண்டவர் என்பது இஸ்லாமிய மரபு. இரும்புக் கவசஞ் செய்யும் கலை அவர்க்கு அருளப்பட்டது என்பர். விசுவகர்மாவைத் தெய்வத் தச்சராகப் போற்றுதல் இந்து மரபு. நம் அயலூராகிய காரைதீவு தந்த சுவாமி விபுலாநந்தர், கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்று விஞ்ஞான டிப்ளோமா பெற்றவர். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும், தமிழ்ப் பேராசிரியர் பதவியும், யாழ்நூலின் புகழும் அதன் பின்னரே வந்தன. தொழில்நுட்பக் கல்லூரி வாயிலைக் கடந்தவர் கலைக்கும் தமிழுக்கும் அந்நியராவதில்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

பெண்மக்களையும் ஈண்டுக் கருதுதல் வேண்டும். கட்டுப்பாட்டு அறை இயக்கம், மானிச் சோதனை, சூரிய மின் அமைப்புகளின் வரைபும் கணிப்பும் போன்றவை உடல்வலியினும் கவனத்தையே மிகுதியாக வேண்டுவன. விஞ்ஞானத்தில் நம் மாணவியர் காட்டும் தேர்ச்சியை நோக்குமிடத்து, இவ்வாயிலை அவர்க்கு அடைத்துவைத்தல் அறிவுடைமையாகாது.

முடிவுரை

2004 டிசம்பர் 26 ஆம் நாட் கடல்கோளில் நம் கரையோரத்து வீடுகளோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. இருண்ட ஊர்களுக்கு ஒளியை மீட்டவர் கம்பம் நட்டுக் கம்பி இழுத்த தொழிலாளரே. அன்று அவர்களை வாழ்த்திய நாம், அவர்தம் தொழிலை நம் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்க இன்னும் தயங்குகின்றோம்.

இத்தயக்கத்தை நீக்கும் ஆற்றல் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் உண்டு. ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளிலேயே தொழிற்றகைமையின் ஏழு மட்டங்களையும் மாணவர்க்கு விளக்கலாம். மாணவரை ஆண்டுக்கொருமுறை இங்கினியாகலை மின்நிலையத்தைக் காண அழைத்துச் செல்லலாம். மின்துறையிற் பணிபுரியும் பழைய மாணவர்கள் தத்தம் பாடசாலைக்கு வந்து ஒரு மணிநேரம் உரையாடலாம். தொழில் நடத்துவோர் தம்மிடம் கையாளாயுள்ள இளைஞரை முறைப்படி பயிலுநராகப் பதிவு செய்விக்கலாம். இவற்றுக்குப் பெரும்பணம் வேண்டுவதில்லை.

கையிலுள்ள தொழிலுக்கு நூலறிவும் சான்றும் சேருமாயின், இன்றைய கையாள் நாளைய மேற்பார்வையாளர். பின்னர்ப் பிறர்க்குக் கற்பிக்கும் ஆசான். அவ்வாறு கற்பிக்க வல்லார் பெருகுந்தோறும் பயிலுநர் நெறி நம் ஊர்களிலே தானே வேரூன்றும். ஒருவன் ஒரு தொழிலைப் பெறுதல் ஒரு குடும்பத்தின் பசியை நீக்கும். அதனை அவன் பிறனுக்குக் கற்பித்தல் ஓர் ஊரின் வறுமையை நீக்கும்.